போர்டு காய முன்னம் மாமாட்ட ஒரு சொல் கேளு

மருமகன், உன்ட போர்டு நுரைச்சோலைச் சந்தியில பெயின்ட் காயுதாம். போறவன் வாறவன் எல்லாம் பாத்திட்டு வந்து எனக்குச் சொல்றான். "டாக்டர்" என்ற எழுத்து உன்ட பேரை விடப் பெருசாம். அதுக்குக் கீழே இயற்கை வைத்தியம். அதுக்கும் கீழே சீனி வருத்தம், பிரசர், மூட்டு நோவு, கொலஸ்ட்ரோல், பிள்ளையில்லாக் குறை, புற்றுநோய், தலைமயிர் கொட்டுறது என்று ஒரு வரிசையாம். மலேரியாவை மட்டும் ஏன்டா விட்டாய்? சரி, விளங்குது. இலங்கையில மலேரியா ஒழிஞ்சிட்டுது என்று 2016இல உலக சுகாதார நிறுவனமே சேர்டிபிகேட் குடுத்திட்டுது. இல்லாத வருத்தத்துக்கு எப்பிடி வைத்தியம் பாக்கிறது.

உன்ட உம்மா வந்து திண்ணையில இருந்து கண்ணைத் துடைச்சா. சந்தோசத்தில. "நானா, என்ட மகன் டாக்டராயிட்டான்" என்றா. எத்தனை வருசம் படிச்சான் என்று கேட்டேன். "போனிலதான் படிச்சான், ராவு ராவா" என்றா. நான் ஒன்றும் கதைக்கல்லை. தங்கச்சி கண்ணீரை நான் ஏன் காய வைக்கணும்.

உன்னைத் தடுக்கிற எண்ணம் எனக்கில்லை. கல்பிட்டிக்குப் போற ரோட்டில கைட் சேர்பிங் ஆட வாற வெள்ளைக்காரனுக்கு நாம எல்லாரும் எதையாவது வித்துத்தான் ஆகணும். ஒருத்தன் டொல்பின் காட்டுறான், ஒருத்தன் இறால் பொரிக்கிறான், நீ உப்புத் தண்ணியும் மண்ணும் விக்கப் போறாய். முதல் போடாத யாவாரம். ஆனா அரசாங்கம் என்று ஒன்று இருக்கே, அதுட்ட மாட்டாம எப்பிடி நடக்கிறது என்று வழி சொல்லத்தான் மாமன் இருக்கிறேன்.

முதல்ல நீ எந்தச் சட்டத்துக்குள்ள நிக்கிறாய் என்று பாப்பம். இந்த நாட்டில ஊசி போடுற இங்கிலீசு டாக்டருக்கு 1927இல வந்த மருத்துவக் கட்டளைச் சட்டம். பெயர் எழுதுற இடம் இலங்கை மருத்துவ சபை. அங்க உன்னை வாசல்லயே நிப்பாட்டுவாங்க, அதைப் பத்திக் கதைக்க வேணாம். நாட்டு வைத்தியத்துக்கு 1941இல ஒரு கட்டளைச் சட்டம் போட்டு, அதை எடுத்திட்டு 1961இல 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தைக் கொண்டு வந்தாங்க. ஆயுர்வேதத் திணைக்களம், ஆயுர்வேத மருத்துவ சபை எல்லாம் அந்தச் சட்டம் பெத்த பிள்ளைகள். பதிவில்லாம காசுக்கு வைத்தியம் பாத்தா குற்றம். ஹோமியோபதிக்காரர் 1970இல தனிச் சட்டம் வாங்கி, 2016இல அதையும் புதுப்பிச்சுக் கொண்டாங்க. ஜெர்மனிக்காரன் கண்டுபிடிச்ச சர்க்கரை உருண்டைக்கு இலங்கைப் பாராளுமன்றம் ரெண்டு தரம் கை தூக்கியிருக்கு. உன்ட இயற்கை வைத்தியத்துக்கு மட்டும் தனிச் சட்டம் என்று ஒன்றில்லை.

மூஞ்சியைத் தொங்கப் போடாதே. கள்ளக் கதவு ஒன்று இருக்கு. ஆயுர்வேதம் என்றா என்ன என்று அந்த 1961ஆம் வருசச் சட்டமே கடைசிப் பக்கத்தில விளக்கம் எழுதியிருக்கு. சித்தம், யுனானி, தேசிய சிகிச்சை எல்லாம் அதுக்குள்ள வருமாம். அதோட, ஆசிய நாடுகளுக்கு உரிய வேற வைத்திய முறையை அந்தந்த நாட்டு அரசாங்கம் ஏற்றுக்கொண்டிருந்தா அதுவும் ஆயுர்வேதந்தானாம். சட்டம் எழுதின மனுசன் நல்ல மனசுக்காரன். கதவைப் பூட்டிட்டுச் சாவியைக் கால்மிதிக்குக் கீழ வச்சிருக்கிறார்.

ஆனா அந்தச் சாவி உன்ட பூட்டுக்குப் பொருந்துமா? இயற்கை வைத்தியம் ஆசியாவில பிறந்த பிள்ளையா? பவேரியாவில வேரிஸ்ஹோஃபன் என்ற ஊர்ல செபஸ்தியான் க்னைப் என்று ஒரு கத்தோலிக்கப் பாதிரியார் இருந்தார், 1897இல மௌத்தானவர். வருத்தக்காரரைப் பச்சைத் தண்ணியில நனைச்சு, விடியக் காலைல பனிப் புல்லில வெறுங்காலோட நடக்க விட்டார். ஐரோப்பாவில பாதி சனம் அவர்ட வாசல்ல. வெறுங்காலோட நடக்கிறது வைத்தியம் என்றா நம்ம மாம்புரியில செருப்பு வாங்க ஏலாம நாங்க நடந்த காலத்துக்கு யார் காசு தருவாங்க? அவர்ட வழியைப் பிடிச்ச பெனடிக்ட் லுஸ்ட் என்ற ஜெர்மன்காரர் அமெரிக்காவுக்குப் போய், நியூயோர்க்கில பள்ளிக்கூடம் வச்சு, இந்தப் பேரை உலகத்தில பரப்பினார். அடோல்ஃப் யுஸ்ட் என்ற இன்னொரு ஜெர்மன்காரர் எழுதின புத்தகத்தைத் தென்னாபிரிக்காவில இருந்தப்போ படிச்சிட்டுத்தான் காந்தி வயித்தில மண்பத்துப் போடத் தொடங்கினார். 1946இல புனேக்குப் பக்கத்தில உருளி காஞ்சனில இயற்கை வைத்திய ஆச்சிரமமும் தொடங்கினார். அதோட உன்ட வைத்தியத்துக்கு இந்தியக் குடியுரிமை கிடைச்சிட்டுது. இப்ப டில்லியில ஆயுஷ் அமைச்சு இருக்கு, அதுட பேரில ஒரு எழுத்துக்குள்ள யோகாவையும் இயற்கை வைத்தியத்தையும் நெருக்கி இருத்தியிருக்காங்க. ஆக, ஜெர்மன் பாதிரியார்ட பச்சைத் தண்ணி காந்தி கையால இந்தியாவாகி, இந்தியா ஏற்றுக்கொண்டதால ஆசியாவாகி, அதால இலங்கையில ஆயுர்வேதமாகும் என்று நீ வாதாடிப் பாக்கலாம். புத்தளத்தில நல்ல லோயரா ஒருத்தரைப் பிடி. இந்த வழியை நான் சொல்லித் தந்தேன் என்று மட்டும் வெளியில சொல்லிப் போடாதே.

ஒரு சின்னச் சிக்கல். டில்லிக்காரனே அரை மனசோடதான் இருக்கிறான். 2020இல இந்திய மருத்துவ முறைகளுக்குத் தேசிய ஆணையம் வச்சுச் சட்டம் போட்டப்போ ஆயுர்வேதத்தையும் சித்தத்தையும் யுனானியையும் எடுத்தான், இமயமலைப் பக்கத்துச் சோவா ரிக்பாவையும் உள்ள எடுத்தான். இயற்கை வைத்தியத்தை வெளியில விட்டிட்டான். அந்த நாட்டில இதைப் படிக்கிற பிள்ளைகளைக் கேளு. சென்னை அரும்பாக்கத்தில அரசாங்கமே நடத்துற யோகா இயற்கை மருத்துவக் கல்லூரி இருக்கு. பயிற்சியோட சேத்து அஞ்சரை வருசம். உடம்பு அறுத்துப் பாக்கிற பாடமும் அதுக்குள்ள இருக்கு. நீ அறுத்தது எல்லாம் போன் டேட்டாவைத்தான்.

பட்டத்தைப் பத்தி வெக்கப்படாதே. அந்த யாவாரத்தில நம்ம நாட்டுக்கு வெளிநாட்டில பேர் இருக்கு. களுபோவில ஆஸ்பத்திரியில அக்குபங்சர் ஊசி குத்திப் பேர் எடுத்த அன்டன் ஜயசூரிய என்ற பெரிய டாக்டர், மாற்று வைத்தியத்துக்கு என்று கொழும்பில திறந்த சர்வதேசப் பல்கலைக்கழகம் என்று ஒன்று நடத்தினார். அந்தப் பேரில கலாநிதிப் பட்டங்கள் உலகமெல்லாம் பறந்து போச்சுது. 2019இல இந்தியாவுக்கு மனிதவள மேம்பாட்டு அமைச்சரா ரமேஷ் பொக்ரியால் வந்தப்போ, அவர்ட கலாநிதிப் பட்டம் எங்க குடுத்தது என்று பத்திரிகைக்காரர் தோண்டினா, வேர் கொழும்பில. அப்பிடி ஒரு பல்கலைக்கழகம் எங்கட பதிவிலயே இல்லை என்று இலங்கைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு கையை விரிச்சிட்டுது. ஒரு நாட்டின்ட படிப்புக்கே பொறுப்பான அமைச்சர் அதை வச்சுச் சமாளிச்சார். நுரைச்சோலைச் சந்தியில உனக்கு என்ன குறைச்சல்?

இப்ப வேற ஒன்று சொல்றேன், காதைக் கொஞ்சம் கிட்டக் கொண்டு வா.

நாங்க சின்னப் பிள்ளைகளா இருந்த காலத்தில இந்தப் பக்கத்தில முறிவு தறிவுக்குக் கட்டுற பரியாரி ஒருத்தர் இருந்தார். பேர் வேணாம். தென்னை மரத்தில இருந்து விழுந்த பொடியனைக் கட்டில்ல போட்டுக்கொண்டு வருவாங்க. மனுசன் வெத்திலையைத் துப்பிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, முழங்கைக்கு மேலயிருந்து விரல் நுனி வரைக்கும் தடவிக்கொண்டே போவார். கட்டுப் போட முன்னம் ஒன்று பாப்பார், கட்டுப் போட்டதுக்குப் பிறகும் அதையே பாப்பார்: நகத்தை அமத்தி விட்டிட்டு, வெளுத்த நகத்தில ரத்தம் திரும்பி ஓடி வருதா என்று. விரல் குளிர்ந்திருந்தா, நீலம் பாஞ்சிருந்தா, எலும்பு தோலைக் கிழிச்சு வெளியில வந்திருந்தா, தைலச் சட்டியையே தொட மாட்டார். "புத்தளத்துக்குக் கொண்டு போங்க, இது என்ட வேலையில்லை" என்பார். அந்தக் காலத்தில பாலாவிச் சந்திக்குப் போய் வாகனம் பிடிக்கிறதே அரை நாள் பாடு. சனம் காலில விழுந்து கெஞ்சும். மனுசன் அசைய மாட்டார். மூங்கில் பத்தை வச்சுச் சீலையால சுத்தி, வழியில கை ஆடாம இருக்கிறதுக்கு மட்டும் கட்டி அனுப்பி விடுவார்.

எனக்கு அந்தக் காலத்தில அது கோழைத்தனமாப் பட்டது. பிறகுதான் சட்டப் பக்கத்துக் கதை தெரிஞ்சது. ஆயுர்வேத சபை பரம்பரை வைத்தியரைப் பதியிறப்போ "எல்லாத்துக்கும் வைத்தியர்" என்று சும்மா எழுதிக் குடுத்திடாது. எதில கைதேர்ந்தவர் என்று கேட்டு அதைத்தான் எழுதும். பாம்பு விசம் என்றா பாம்பு விசம். முறிவு தறிவு என்றா முறிவு தறிவு. கண் வருத்தத்துக்கு ஒருத்தர், நெருப்புச் சுட்ட புண்ணுக்கு ஒருத்தர், கட்டி பிளவைக்கு ஒருத்தர், விசர் நாய்க் கடிக்கு ஒருத்தர். கரைவலைச் சம்மாட்டிக்குக் கடற்கரையில இந்தத் தென்னையில இருந்து அந்தத் தென்னை வரைக்கும் என்று பாடு பிரிச்சுக் குடுத்திருக்கே, அது மாதிரி. அடுத்தவன்ட பாட்டில வலையை இறக்கினா என்ன நடக்கும் என்று நம்ம கரையில யாருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

வெளிநாட்டுக்காரன் தொழில் எல்லை என்று கொமிட்டி போட்டு, கட்டுக் கட்டா அறிக்கை எழுதி, வழக்குப் பேசித் தேடுறது இதைத்தான். அமெரிக்காவில ஒரெகன் மாநிலத்தில இயற்கை வைத்தியர் இங்கிலீசு மருந்தும் எழுதலாம், சின்னச் சின்னக் கத்தி வேலையும் செய்யலாம். அதே நாட்டில டென்னசியில அந்தத் தொழிலே சட்டத்துக்கு விரோதம். ஒரே வைத்தியர் பிளேன் ஏறி இறங்கினா டாக்டரும் ஆவார், குற்றவாளியும் ஆவார். ஜெர்மனிக்காரன் 1939இல ஒரு சட்டம் போட்டான். டாக்டருக்குப் படிக்காமலே வைத்தியம் பாக்கலாம், நீ சனத்துக்கு ஆபத்தானவனா என்று மட்டும் ஒரு சோதனை வைப்பான். அந்த லைசன்ஸ் வச்சிருந்த ஒருத்தர் நெதர்லாந்து எல்லைக்குப் பக்கத்து ஊர்ல புற்றுநோய்க்காரருக்கு ஆய்வுகூடத்துச் சாமான் ஒன்றை ரத்தத்தில ஏத்தி, 2016இல மூணு பேர் செத்துப் போனாங்க. 2019இல கோட்டில ரெண்டு வருசத் தண்டனை, அதுவும் ஒத்தி வச்ச தண்டனை. கவனி மருமகன், அவர்ட்ட லைசன்ஸ் இருந்தது. எந்த இடத்தில கையை எடுக்கணும் என்றதுதான் அதில எழுதியிருக்கல்லை.

நம்ம கடற்கரைக் கதைக்கே வாறேன். திருக்கை முள்ளுக் குத்தினவனைப் பாத்திருக்கிறாய்தானே. ஆம்பிளை என்ற பேச்சே இல்லாம மணல்ல உருளுவான். வாடியில கிழவிமார் கை தாங்கிற அளவுக்குத் தண்ணியைச் சுட வச்சு, காலை அதுக்குள்ள அமத்தி வைப்பாங்க. ஆறினா மாத்தி ஊத்துவாங்க. கொஞ்ச நேரத்தில அழுகை முனகலாகும். இப்ப இங்கிலீசு டாக்டர்மாரும் அதையேதான் சொல்றாங்க, அந்த விசம் சூட்டுக்குத் தாங்காதாம். இது உன்ட பாடு. தாராளமா வை, இயற்கை வைத்தியம் என்று பேரும் வை. ஆனா முள்ளு முறிஞ்சு உள்ள நிக்குது என்றா, காலில இல்லாம வயித்தில, நெஞ்சில குத்தியிருக்கு என்றா, சுடுதண்ணிச் சட்டியை எட்டி உதைச்சிட்டு வண்டியைக் கூப்பிடு. ஸ்டீவ் இர்வின் என்று முதலையோட விளையாடுற ஆஸ்திரேலியாக்காரர், டீவியில பாத்திருப்பாய். 2006இல திருக்கை முள்ளு நெஞ்சில இறங்கித்தான் போனார்.

உன்ட வைத்தியத்துக்கு மருந்தே காத்து, தண்ணி, வெயில், மண் என்று நோட்டீசு அடிச்சிருக்கிறாயாமே. வெயிலுக்கு மாம்புரியில பஞ்சமில்லை. காத்துக்கும் பஞ்சமில்லை, 2010இலயே காத்தாடி நட்டுக் கரண்ட் எடுக்கத் தொடங்கிட்டாங்க. ஆனா அந்தக் காத்து உன்ட நிலையத்துக்கு வாற வழியில நுரைச்சோலை அனல் மின்நிலையம் நிக்குது. 900 மெகாவாட், எல்லாம் நிலக்கரி. சாம்பல் தூசு பயிரில படியுது என்று பக்கத்துச் சனம் கத்தின கத்து கொழும்பு வரைக்கும் கேட்டது. மூச்சுப் பயிற்சி குடுக்கிறப்போ யன்னலைப் பூட்டிட்டுக் குடு. தண்ணி? கல்பிட்டிப் பக்கம் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் மரக்கறிக்கும் போட்ட உரம் மணலுக்குள்ளால இறங்கிக் கிணத்தில நைத்திரேற்றா நிக்குது என்று எத்தனையோ பேர் ஆய்வு செஞ்சு எழுதிட்டாங்க. கைப்பிள்ளைக்கு அந்தத் தண்ணியில பால் கரைச்சுக் குடுக்கக் கூடாது. நீ "சுத்தக் கிணத்துத் தண்ணிச் சிகிச்சை" என்று விடியக் காலைல மூணு லீட்டர் குடிக்கச் சொல்றாய். பச்சைத் தண்ணி குடுக்கிறவன்ட்டப் பதிவைக் கேக்கிற அரசாங்கம், அந்தத் தண்ணியை யார் கெடுத்தது என்று எந்தச் சபையில கேக்குது என்று எனக்கு ஒரு ஐமிச்சம். அது வேற வழக்கு, விடு.

இனி நாக்கு வித்தை. "குணமாக்குவேன்" என்ற சொல்லை வாயில எடுக்காதே. "நலம்" என்று சொல்லு, "சமநிலை" என்று சொல்லு, "நச்சு நீக்கம்" என்று சொல்லு. எந்த நச்சு என்று எந்த வெள்ளைக்காரனும் கேக்க மாட்டான். புட்டியில அடைச்சு விக்கிறதா இருந்தா மருந்து என்று எழுதாதே. 2015ஆம் வருசத்து 5ஆம் இலக்கச் சட்டத்தோட தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை என்று ஒன்று வந்திருக்கு. மருந்துக்கும் உணவுக்கும் நடுவில நிக்கிற சாமானையும் பிடிக்கிற வலை அவங்கட்ட இருக்கு. கேகாலைப் பாணியை மறந்திட்டியா? 2020 டிசம்பரில தம்மிக்க பண்டார என்றவர் தேனும் சாதிக்காயும் கலந்து பாணி காய்ச்சினார். காளியம்மன் சொல்லித் தந்ததாம், கோவிட்டுக்கு மருந்தாம். மாஸ்க்கும் இல்லை, இடைவெளியும் இல்லை, ஆயிரக்கணக்கில சனம் கேகாலையில குவிஞ்சது. அது மருந்தா உணவா என்று அதிகாரிமார் கதைச்சு முடிக்கிறதுக்குள்ள புட்டி முடிஞ்சிட்டுது. சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி கெமராவுக்கு முன்னால குடிச்சுக் காட்டினாங்க. 2021 ஜனவரியில அவங்களுக்கே கோவிட் வந்தது. ஆஸ்பத்திரிக்குத்தான் போனாங்க.

அப்ப சட்டம் இருக்கல்லையா? இருந்தது. திணைக்களம், சபை, அதிகாரசபை எல்லாம் வரிசையா நின்றது. மேலயிருக்கிறவங்க வாயைத் திறந்து குடிச்சா, கீழயிருக்கிறவன் எப்பிடிப் போய்ப் புட்டியைப் பறிப்பான்? நீ ஊர்ச்சனத்துக்கு விக்க முதல் ஒரு அமைச்சரைப் பிடிச்சு ஒரு கரண்டி குடுத்துப் பார். பதிவை விட அது கெதியான வழி.

பகிடி இவ்வளவு காணும்.

திருப்பூர்ல 2018 ஜூலையில ஒரு பிள்ளைத்தாச்சி, படிச்ச பொண்ணு. யூடியூப்பைப் பாத்து வீட்டிலயே பெத்துக்கொள்ளலாம் என்று புருசனும் கூட்டாளிமாரும் நம்பினாங்க. பிள்ளை பிழைச்சது, ரத்தம் நிக்கல்லை. தாய் போயிட்டா. பத்துப் பன்னெண்டு நாள்ல கோயம்புத்தூர்ல ஹீலர் பாஸ்கர் என்றவரைப் பொலிஸ் பிடிச்சது, வீட்டுப் பிரசவத்துக்கு இலவசப் பயிற்சி என்று விளம்பரம் செஞ்சதுக்கு. அவர்ட வீடியோ நீயும் பாக்கிறாய் என்று எனக்குத் தெரியும், உன்ட போனில சத்தம் கூட. இலங்கையில இப்ப நூத்துக்குத் தொண்ணூத்தொம்பதுக்கு மேல பிள்ளைகள் ஆஸ்பத்திரியிலதான் பிறக்குது. என்ட உம்மா காலத்தில அப்பிடியில்லை. மாம்புரி மையவாடியில பிள்ளைத்தாச்சிமார்ட கபுறு எத்தனை என்று மோதினாரைக் கேளு. வீடு வீடா வாற மிட்வைஃப் மிஸ் சைக்கிள் மிதிச்சுக் குறைச்ச கணக்கு அது. அவவுக்கும் ஒரு பாடு இருக்கு. பிரசர் கூடினா, கால் வீங்கினா, அவவே துண்டு எழுதி ஆஸ்பத்திரிக்கு அனுப்பி விடுவா. ஒரு நாளும் "நான் பாத்துக்கொள்றேன்" என்று சொன்னதில்லை.

கனடாவில அல்பர்ட்டா மாகாணத்தில 2012இல ஒன்றரை வயசுக் குழந்தைக்கு மூளைக்காய்ச்சல். தாய் தகப்பன் வெங்காயமும் பூண்டும் கரைச்சுக் குடுத்தாங்க, இயற்கை வைத்திய நிலையத்தில மூலிகைச் சாறும் வாங்கிக் குடுத்தாங்க. உடம்பு விறைச்சுப் போன பிறகும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகல்லை. பிள்ளை மௌத்து. வெங்காயம் விளையிற மண்ணில இருந்துகொண்டு சொல்றேன் மருமகன், வெங்காயத்துக்கு அந்தச் சத்தி இல்லை. வழக்கு வருசக்கணக்கா மேலும் கீழுமா நடந்தது. இதைக் கேட்டுப்போட்டு ராவு எனக்குச் சோறு இறங்கல்லை.

அதால உன்ட நோட்டீசில ஒரு பக்கம் ஒதுக்கு. மூணு நாள் தாண்டின காய்ச்சல், நெஞ்சு நோவு, ஒரு பக்கம் கை கால் விழுறது, பாம்புக் கடி, பிள்ளைத்தாச்சி, ரெண்டு வயசுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை, கட்டி ஒன்று வளருது என்று வாறவங்க: இதுகளுக்கு இங்க வைத்தியம் இல்லை என்று கொட்டை எழுத்தில போடு. 1990 என்ற நம்பரையும் போடு. சுவசெரிய அம்புலன்ஸ், காசில்லை. இப்பிடி எழுதினா யாவாரம் படுத்திடும் என்று பயப்படாதே. கையை எடுக்கத் தெரிஞ்ச அந்த முறிவுப் பரியாரிக்குத்தான் நாலு ஊர்ல இருந்து வண்டி வந்தது.

கொழும்பில சட்டம் எழுதுற பெரியாக்களுக்கும் இந்தக் கிழவன்ட மனு ஒன்று இருக்கு. இயற்கை வைத்தியத்துக்கு என்றைக்காவது பதிவு வைக்கிறதா இருந்தா, எத்தனை வருசம் படிச்சான் என்று மட்டும் கேட்டு விட்டுடாதீங்க. பரம்பரைப் பரியாரியைக் கேட்ட மாதிரி இவனையும் கேளுங்க: எதை நீ பாப்பாய், எதை நீ தொட மாட்டாய்? அதைப் பதிவிலயே எழுதுங்க. தொட்டா என்ன தண்டனை என்றதையும் பக்கத்திலயே எழுதுங்க. டாக்டர் என்ற சொல்லை யார் போடலாம் என்று அடிபட்டே எங்கட சபைகளுக்கு நூறு வருசம் போகப் போகுது. சொல்லு செத்துப் போறதில்லை. செத்துப் போறது கட்டில்ல கிடக்கிற மனுசன்.

கடைசியா, குடும்ப விசயம். உன்ட உம்மாட கிளினிக் கொப்பியை நான் வாங்கி என்ட அலமாரியில வச்சிட்டேன். அவட சீனி மாத்திரையை நீ நிப்பாட்டப் போறாய் என்று காதில விழுந்தது. மெட்ஃபோமின் செயற்கையாம், உன்ட பாவக்காய்ச் சாறு இயற்கையாம். பாவக்காயைக் கறியா வைக்கச் சொல்லு, நானும் வாறேன் சாப்பிட. மாத்திரையைக் கூட்டுறதும் குறைக்கிறதும் கிளினிக் டாக்டர் சொல்ற கதை. உனக்குக் கை அரிச்சா, சுபஹு தொழுதிட்டு அவவைக் கடற்கரைப் பக்கம் நடக்கக் கூட்டிக்கொண்டு போ, தேத்தண்ணியில சீனியைக் குறை, கருவாட்டு உப்பைக் குறை. அதுக்கு எந்தச் சபையும் உன்னிட்டக் காட் கேக்காது.